கபிலர் கண்ட பூக்களும் கரிசல் நாட்டுத் தோட்டங்களும்



தீக்குச்சி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு சிவகாசித் தெருவில் நின்று, 'இஃது எந்த மரத்தின் துண்டு?' என்று கேட்டுப் பாருங்கள். குச்சியின் தலையில் உள்ள மருந்து எவற்றால் ஆயது, அது பெட்டியின் எந்தப் பக்கத்தில் உரசினால் பற்றும், ஈரக்காற்றில் ஏன் நமுத்துப் போகிறது என்றெல்லாம் பள்ளிப் பிள்ளையும் விடை சொல்லும். மரத்தின் பெயரைச் சொல்வார் அரியர். 1923ஆம் ஆண்டையொட்டி ஐயநாடார், சண்முகநாடார் என்னும் இருவர் வங்கத்துக் கல்கத்தாவிற்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று மீண்டனர். அன்று தொட்டு இவ்வட்டாரம் செய்து விற்ற குச்சிகளுக்கு எண்ணிக்கை இல்லை. அக்குச்சிகளிற் பெரும்பகுதி மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால், சேரநாட்டில் விளைந்த மென்மரங்கள். மட்டி, இலவு என்பன அவற்றுள் பெயர்பெற்றவை.

அந்த இலவுக்கு வேறொரு பெருமையும் உண்டு. ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழின் பெற்றியை அறிவுறுத்துதற்காகக் கபிலர் பாடியதென்று சொல்லப்பெறும் குறிஞ்சிப்பாட்டில் அஃது இடம்பெற்றுள்ளது. 261 அடிகள் கொண்ட அப்பாட்டில் தலைவியும் தோழியும் அருவியாடி, மலையிற் பூத்த பூக்களையெல்லாம் பறித்துப் பாறையின்மேற் குவிக்கின்றனர். அப்பூக்கள் தொண்ணூற்றொன்பது என்று பொதுவாக எண்ணுவர். காந்தள், வேங்கை, கோங்கம், வெட்சி, செண்பகம், பாதிரி, கொன்றை, ஆரம், இலவம் என்று விரியும் அவ்வரிசையைப் பள்ளியில் மனப்பாடம் செய்து ஒப்பித்தவர் இவ்வவையிற் பலர் இருத்தல் கூடும். அவருள் பத்துப் பூக்களையேனும் செடியில் வைத்துக் கண்டவர் எத்தனை பேர்? போங்கம், பசும்பிடி போன்ற சில பெயர்களுக்கு உரிய செடி எதுவென்று அறிஞரிடையேயும் இன்று ஒருமித்த கருத்தில்லை. பெயர் ஏட்டில் நிற்கிறது. பெயருக்குரிய பொருள் கண்ணை விட்டுப் போய்விட்டது. சொல்லைக் காப்பதே தமிழ்த்தொண்டு என்று கருதுவோர், பொருள் அழிந்த சொல் எத்தனைத் தலைமுறைக்கு உயிர்வாழும் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

விருதுநகர் மாவட்டத்தார்க்கு இக்கேள்வி ஏட்டுக் கேள்வியன்று. சிவகாசியிலிருந்து மேற்கே நோக்கினால் வானத்தின் அடியில் நீலமாய்க் கிடக்கும் மலை கபிலர் பாடிய குறிஞ்சி நிலத்தின் ஒரு கூறு. கரிசலில் மழை குறைவு, வேளாண்மை நிலையற்றது, அதனால் மக்கள் தீப்பெட்டிக்கும் வெடிக்கும் அச்சுக்கும் கை மாறினர். ஆனால் இக்கரிசலுக்கு வரும் கொஞ்ச நீரும் அம்மலையின் கொடையே. வைப்பாறும் அதனோடு சேரும் ஓடைகளும் மலையின் கீழைச் சரிவுகளிற் பிறந்து, கண்மாய்களை நிரப்பி, மன்னார் வளைகுடாவிற்குச் செல்கின்றன. மலைமேற் பெய்யும் மழையை உறிஞ்சி வைத்துச் சிறுகச் சிறுக விடுவன அங்குள்ள மரங்களின் வேர்களும், அவ்வேர்களை மூடிக்கிடக்கும் இலைமக்கும், அவற்றின் நிழலில் முளைக்கும் சிறு செடிகளுமே. அவை போனால் மழை ஒரே நாளில் வெள்ளமாய் ஓடிவிடும். மறுநாள் ஆற்றில் மணல்தான் இருக்கும்.

திருவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடியில் செண்பகத்தோப்பு என்றோர் இடம் உள்ளது. பெயரே மரத்தின் பெயர். அதனைச் சூழ்ந்த காடு 1988இல் சாம்பல் மலையணிலுக்கென்று புகலிடமாக்கப் பெற்றது. 2021இல் மேகமலைக் காட்டோடு இணைந்து ஆயிரம் சதுரக் கிலோமீட்டருக்கு மேற்பட்ட புலிகள் காப்பகமாயிற்று. புலியைப் பற்றிப் பேசுவோர் பலர். அணிலைப் பற்றிச் சில சொற்கள் சொல்லுதல் இங்குப் பொருந்தும். வீட்டுக் கூரையில் ஓடும் முக்கோட்டு அணிலைப் போன்றதன்று அது. பூனையளவு பெருத்த உடலும், உடலினும் நீண்ட நரைத்த வாலும் உடையது. நிலத்தில் இறங்க அஞ்சும். கிளைவிட்டுக் கிளை தாவியே இரை தேடும். மரவுச்சியில் கூடு கட்டும். ஆகலின் அதற்கு வேண்டியது தனி மரமன்று. கிளையோடு கிளை பின்னிய மரத்தொடர். மலையடியில் உள்ள தனியார் மாந்தோப்புகளுக்கும் புளியமரங்களுக்கும் அது இறங்கி வருவதுண்டு. அங்ஙனமாயின் அதன் வாழ்வு காட்டுத்துறையின் கையில் மட்டும் இல்லை. தோப்புடையான் ஒருவன் நான்கு முதுமரங்களை வெட்டி மனை பிரித்தால், புகலிட எல்லைக்கு வெளியில் நடந்த அச்செயலால் எல்லைக்கு உள்ளே ஒரு வழி அறுந்து போகும். தோட்டமும் காடும் வேறுவேறு என்று நினைப்பது எத்துணைப் பிழை என்பதற்கு இவ்வணிலே சான்று.

இனி, மலைச்செடியைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு அதனை அழிக்கும் வேலை ஒன்று நடந்து வருகிறது. அதனை மறைத்துப் பேசுதல் நன்றன்று. வத்திராயிருப்பை அடுத்துத் தாணிப்பாறை வழியாக ஏறும் சதுரகிரி மலை மூலிகைக்குப் பெயர்பெற்றது. காருவா, வெள்ளுவா நாள்களில் அங்கு ஏறுவோர் மிகப் பலர். ஆடிக் காருவாவில் கூட்டம் அளவிறந்து திரளும். ஏறுவோர் வழிபட்டு மீள்வதில் யார்க்கும் தடையில்லை. ஆனால் ஞெகிழிப் பையை அங்குப் போட்டுவிட்டு, ஒரு கிழங்கையோ வேரையோ பிடுங்கிக்கொண்டு இறங்கும் பழக்கம் இருக்கிறதே, அது வழிபாட்டில் சேராது. இரவில் ஒளிரும் மரம், வெட்டினால் ஒட்டிக்கொள்ளும் கொடி, விழுந்த விதை மீண்டும் ஏறி மரத்தில் ஒட்டிக்கொள்ளும் ஏறழிஞ்சில் என்றெல்லாம் கதை சொல்லி வேர்த்துண்டு விற்போர் உளர். அழிஞ்சில் என்பது வறண்ட காடுகளில் இயல்பாய் வளரும் மெய்யான மரம்; நல்ல மரம். அதன் விதை ஏனை விதைகளைப் போலவே மண்ணில் விழுந்து, மண்ணிலேயே முளைக்கும். மெய்யான மரத்தைக் காணாமல் பொய்யான மரத்தைத் தேடி அலைவது தமிழர்க்கு நேர்ந்த அறிவுத் தாழ்ச்சிகளுள் ஒன்று.

வேரைத் தோண்டுவதற்கும் இலையைக் கொய்வதற்கும் உள்ள வேறுபாடு உயிருக்கும் மயிருக்கும் உள்ள வேறுபாடு. மாகாளிக் கிழங்கை எடுத்துக்கொள்க. ஊறுகாய்க்கு மணமூட்டும் அக்கிழங்கு பாறை வெடிப்புகளில் பற்றிப் படரும் ஒரு கொடியின் வேர். கொடி முற்றிப் பருத்த வேர் விடப் பல்லாண்டு ஆகும். கடப்பாரை கொண்டு அதனைப் பெயர்க்க அரைமணிப் பொழுது போதும். பெயர்த்தபின் கொடியும் இல்லை, அடுத்த ஆண்டின் விதையும் இல்லை. இவ்வாறு தோண்டித் தோண்டியே தென்னாட்டு மலைகளில் அஃது அருகிவிட்டது; உலக அளவில் அழியும் நிலையுற்ற செடிகளின் பட்டியலிலும் ஏறிவிட்டது. தோட்டத்தில் வைத்து வளர்த்தால் வளரக்கூடிய கொடிதான் அது. வளர்ப்பாரில்லை, தோண்டுவார் மட்டும் இருக்கின்றனர்.

காட்டுச் செடி ஊருக்கு வருவதால் நேரும் கேடு இது. ஊர்ச் செடி காட்டுக்குப் போவதால் நேரும் கேடு இதனினும் பெரிது. மலையடிவாரங்களிலும் காட்டுப் பாதைகளிலும் மஞ்சளும் செம்மையுமாய்க் கொத்துப் பூக்கள் பூத்து, கருநிறச் சிறு பழம் பழுக்கும் உண்ணிச்செடியை அறியாதார் இலர். அஃது இந்நாட்டுச் செடியன்று. அமெரிக்க வெப்பநாடுகளிற் பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் அதனை அழகுச் செடியாகக் கல்கத்தாப் பூங்காவிற்குக் கொண்டு வந்தனர். (தீப்பெட்டித் தொழிலும் கல்கத்தாவிலிருந்தே வந்தது, அத்தொழில் சோறிட்டது, இச்செடி காட்டை விழுங்கிற்று.) வேலியோரத்தில் ஒருவர் அழகுக்காக நட்ட செடியின் பழத்தைப் பறவை தின்று மலையில் எச்சமிட்டது, அவ்வளவே. இன்று அதன் புதருக்கு அடியில் புல் முளைப்பதில்லை. மானுக்கும் காட்டெருதுக்கும் மேய்ச்சல் இல்லை. மரத்தின் இளங்கன்று தலைதூக்க இடமில்லை. கோடையில் காய்ந்த புதர் தீயைத் தரையிலிருந்து மரக்கிளை வரை ஏற்றிவிடும் ஏணியாகிறது. தீயின் இயல்பை இவ்வட்டாரத்தாரினும் நன்கறிந்தவர் யார்? ஒரு பொறி எங்கு விழுந்தால் என்னவாகும் என்பதை உயிர்விலை கொடுத்துக் கற்ற மண் இது. 2018 மார்ச்சுத் திங்களில், போடிக்கு மேலுள்ள குரங்கணியில் மலையேறச் சென்றோர் இருபதுக்கு மேற்பட்டோர் காட்டுத்தீயில் மாண்டதையும் மறப்பதற்கில்லை.

சமவெளியில் இதே கதையைச் சீமைக்கருவேல் எழுதிற்று. அதனை வெட்டி அகற்ற உயர்முறைமன்றத்தின் மதுரைக் கிளை 2017இல் ஆணையிட்டதும், அயற்செடிகளை அகற்றிக் காட்டை மீட்பதற்கெனத் தமிழக அரசு 2022இல் தனிக் கொள்கையே வெளியிட்டதும் பலர் அறிந்தவை. ஆனால் இதில் ஒரு நேர்மை வேண்டும். திருச்சுழி, கமுதிப் பக்கங்களில் சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போட்டு அரைவயிறு நிரப்பும் ஏழையர் பலர். மழை பொய்த்த ஆண்டுகளில் அவர்க்குக் கைகொடுத்தது அம்மரமே. வெட்டிய இடத்தில் வேறு மரம் வைக்காமல், அவர்க்கு வேறு வழியும் காட்டாமல், 'வெட்டு வெட்டு' என்று மேடையில் முழங்குவது எளிது. வெட்டி வெறுமனே விட்ட நிலத்தில் மறு மழைக்கு அம்மரமே இருமடங்காய்த் தழைக்கும் என்பது கண்கூடு. சீமைக்கருவேலுக்கு நெருங்கிய உறவான வன்னி இம்மண்ணுக்கே உரியது. குடைபோல் விரியும் உடைமரமும், வெள்வேலும், உசிலையும் மழை குறைந்த நிலத்தில் நின்று பிழைக்கும். அவற்றின் நாற்றுக்கு வழிசெய்த பின்னரே கோடரியைத் தூக்கல் வேண்டும்.

ஆகவே தோட்டம் போடுவது தனியார் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடத் தக்கதன்று. ஒரு வீட்டின் முன்வாயிலில் எது நடப்படுகிறது என்பது மலையுச்சியில் எது முளைக்கும் என்பதை முடிவு செய்கிறது. பெரியாழ்வார் பூத்தோட்டம் வைத்த ஊர் என்று பாராட்டப்பெறும் திருவில்லிபுத்தூருக்கு இரண்டு கல் தொலைவில் நாற்றுப் பண்ணை ஒன்றில் நுழைந்து பார்த்தால், அங்கு அடுக்கி வைத்திருப்பவை பெரும்பாலும் குரோட்டன்சும் காகிதப்பூவும் அரேகாப் பனையுமே. வேங்கை நாற்று கேட்டால், 'பலகைக்கா?' என்று கேட்பர். செங்கொடுவேரி என்றால் விழிப்பர். வெட்சி என்ற பெயரைச் சொன்னால், 'அப்படியொன்றும் இல்லை' என்பர். பக்கத்திலேயே தொட்டியில் அது சிவந்து பூத்து நிற்கும். அதற்கு இன்று பெயர் இட்டிலிப்பூ! நிரை கவரச் சென்ற மறவர் தலையிற் சூடிய பூ, தமிழிலக்கணத்தில் ஒரு திணைக்கே பெயர் கொடுத்த பூ, காலைச் சிற்றுண்டியின் பெயரால் அழைக்கப்படுகிறது. இட்டிலியின்மேல் யாருக்கும் பகையில்லை. எனினும் இரண்டாயிரம் ஆண்டுப் பெயரை எடுத்தெறிந்துவிட்டு, உருண்டையாயிருக்கிறது என்ற ஒன்றுக்காக ஒரு புதுப்பெயரை ஒட்டுவது குழந்தைக்கு அழகு. ஓர் இனத்திற்கு அழகன்று.

பிறர் இப்பெயர்களின் அருமையை அறிந்தே இருந்தனர். முருங்கையின் அறிவியற் பெயரான 'மொரிங்கா' தமிழ்ச்சொல்லின் திரிபு. மாவைக் குறிக்கும் 'மாங்கோ' என்னும் உலகச் சொல் மாங்காயினின்று கிளைத்தது. புங்கு 'பொங்காமியா' ஆயிற்று. சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணிசெய்த இராபர்ட்டு வைட்டு என்னும் ஆங்கிலேய அரசின் அலுவலர், 1838 முதல் 1853 வரை தென்னாட்டுச் செடிகளை 2,101 ஓவியங்களாக வெளியிட்டார். அவற்றிற் பெரும்பாலனவற்றுக்கு மூலவோவியம் தீட்டிய கைகள் இரங்கையா, கோவிந்து என்னும் இரு இந்நாட்டு ஓவியருடையவை. செடியின் நரம்பு, மகரந்தப்பை, விதையின் பிளவு வரை கண்டு தீட்டும் கண் இங்கு இருந்தது. அந்தக் கண் எங்கே போயிற்று?

கொடைக்கானலில் நடந்த ஒன்றை இங்குக் குறிப்பிடுதல் தகும். பழனிமலையின் உச்சியில் சோலைக்காடும் புல்வெளியும் மாறிமாறி அமைந்திருந்தன. அப்புல்வெளிகளில் ஆட்சியாளர் சீகைமரத்தையும் தைலமரத்தையும் ஊசியிலை மரத்தையும் நிரப்பினர். அங்கு வந்து தங்கிய இராபர்ட்டு சிடூவர்ட்டு, தான்யா பால்கர் என்னும் இருவர், வட்டக்கானலில் சோலைமரங்களின் விதைகளைத் திரட்டி நாற்றங்கால் அமைத்தனர். 2001இல் அதற்கென ஓர் அறக்கட்டளையும் நிறுவினர். எந்தப் பழம் எந்தத் திங்களில் பழுக்கும், எவ்விதை எத்தனை நாளில் முளைக்கும் என்பதை நாற்றங்காலில் உட்கார்ந்து கற்றுக்கொண்டனர். பிறநாட்டார் இருவர் தமிழ்மலையின் விதையைப் பொறுக்கிக் கொண்டிருந்த காலத்தில், தமிழர் பலர் அம்மலையில் தங்கல்மனை கட்ட இடம் தேடிக்கொண்டிருந்தனர். இதனைச் சொல்லக் கூச்சமாகவே இருக்கிறது. சொல்லாமல் விட்டால் கூச்சம் போய்விடாது.

அவர்கள் செய்ததில் மந்திரம் ஏதுமில்லை. முதலாவது, மலையிலிருந்து செடியைப் பெயர்க்காமை. இரண்டாவது, எந்தச் செடி எந்த நிலத்தில் வாழும் என்று அறிந்து வைத்தல். குறிஞ்சியை விரும்பிச் சிவகாசி வெயிலில் நட்டால் அது பிழைக்காது. பன்னீராண்டிற்கு ஒருமுறை 2006இலும் 2018இலும் நீலம் போர்த்திய அச்செடி உயர்மலைக் குளிரில் மட்டுமே வாழும். அதனை அங்குப் போய்க் கண்டு வருவதே முறை. செண்பகமும் கரிசலுக்கு ஏற்றதன்று. ஆனால் இராசபாளையத்திலும் வத்திராயிருப்பிலும் கிணற்று ஈரமும் மரநிழலும் உள்ள தோப்புகளில் அது வளரும். அதன் விதையைச் சூழ்ந்த செந்தோல் எண்ணெய்ப் பசை உடையது. அதனைச் சாம்பலிட்டுத் தேய்த்து நீக்கி, உடனே விதைத்துவிட வேண்டும். உலர்த்திப் பொட்டலம் கட்டி வைத்தால் முளைக்கும் திறன் விரைவில் போய்விடும். செண்பகம் முளைக்கவில்லை என்று குறைப்படுவோர் பெரும்பாலும் விதையை அளவுக்கு மீறிப் போற்றி வைத்தவரே.

கோங்கம் இதற்கு நேர்மாறு. பாறைச் சரிவில், மண்ணில்லாத இடத்தில், இலையெல்லாம் உதிர்த்துவிட்டு மாசி பங்குனியில் பொன்போற் பூக்கும் மஞ்சள் இலவு என்னும் மரத்தையே கோங்கம் என்பர் பலர். அதன் காய் வெடித்தால் பஞ்சோடு விதை பறக்கும். விதையின் மேலோடு கடியது. கல்லில் இலேசாய் உரைத்து, ஓரிரவு நீரில் ஊற வைத்தால் முளைக்கும். தண்ணீர் மிகுந்தால்தான் கெடும். கொன்றையின் விதையும் அத்தகையதே. காய்ச்சி இறக்கிய வெந்நீரில் போட்டு ஆறவிட்டு, மறுநாள் ஊன்றலாம். காட்டில் அவ்வேலையை நரியும் கரடியும் செய்கின்றன. அவை பழத்தைத் தின்று, கழித்த விதை நன்கு முளைக்கிறது. வேங்கையின் காய் காசுபோல் வட்டமாய்ச் சுற்றிலும் சிறகுடையது. உள்ளிருக்கும் விதையைப் பிரித்தெடுக்க முயன்றால் உடையும். சிறகை மட்டும் நறுக்கிவிட்டுக் காயோடு ஊற வைத்து நடுவதே எளிது.

சந்தனம் பற்றித் தனியே சொல்ல வேண்டியதுண்டு. கபிலர் ஆரம் என்று குறித்த அம்மரம் ஒட்டுண்ணித் தன்மை உடையது. அதன் வேர் பக்கத்துச் செடியின் வேரைப் பற்றி அதிலிருந்து ஊட்டத்தின் ஒரு பகுதியை உறிஞ்சும். தனியே தொட்டியில் வைத்த சந்தனக் கன்று சில திங்களில் வெளிறி நிற்பதற்கு இதுவே கரணியம். கன்றோடு ஒரு பொன்னாங்கண்ணியையும், நிலத்தில் நட்டபின் அருகே ஒரு துவரையையும் வைத்தால் அது தேறும். 2002இல் சட்டம் திருத்தப்பெற்ற பின், தம் நிலத்தில் வளரும் சந்தனத்திற்கு நிலவுடையாரே உரிமையர். வெட்டும்போது காட்டுத்துறையின் இசைவு வேண்டும். 'சந்தனம் வைத்தால் காவலர் வருவர்' என்ற பழைய அச்சம் இன்னும் சிற்றூர்களில் இருப்பதால் இதனைச் சொல்ல வேண்டியதாயிற்று.

காந்தள் தமிழ்நாட்டின் அரசுப்பூ. கார்த்திகையில் பூப்பதால் கார்த்திகைப்பூ என்றும் பெயர் பெற்று, ஈழத்தமிழர் தம் மாண்ட மறவரை நினையும் பூவாகவும் விளங்குகிறது. மூலனூர், ஒட்டன்சத்திரப் பக்கங்களில் அதனைக் கம்பிப்பந்தலில் ஏற்றி, விதைக்காகப் பயிரிட்டு வெளிநாடுகளுக்கு விற்கின்றனர். காட்டிலும் வேலியிலும் தோண்டிய கிழங்கே அப்பயிருக்கு முதலாயிற்று. அதனால் பல இடங்களில் வேலிக்காந்தள் காணாமற் போயிற்று. வீட்டில் வைக்க விரும்புவோர் பயிரிடுவோரிடம் கிழங்கை வாங்குக. கலப்பைபோல் வளைந்த அக்கிழங்கின் முனையில்தான் முளை இருக்கும். முனை உடைந்தால் வீண். கிழங்கும் விதையும் கொடிய நஞ்சு. குழந்தைகள் தவழும் வீட்டில் காந்தளை வைக்கவேண்டா.

கபிலரின் வரிசையில் உள்ளவையெல்லாம் எட்டாத மலைப்பூக்களும் அல்ல. விருதுநகர்ச் சாலையோரத்தில் மஞ்சளாய்ப் பூத்து நிற்கும் ஆவிரை அதில் உள்ளது. குப்பைமேட்டில் வெண்மையாய் நிற்கும் தும்பை அதில் உள்ளது. வேலியில் படரும் கருவிளையும், ஊர்தோறும் நிற்கும் வாகையும் அதில் உள்ளன. இவற்றைக் 'களை' என்று பிடுங்கியெறிந்துவிட்டு, அவ்விடத்தில் விலைகொடுத்து வாங்கிய அயற்செடியை நட்டு, நாள்தோறும் தண்ணீர் ஊற்றும் வீடுகள் குடிநீருக்குக் குடத்தோடு நிற்கும் இதே தெருக்களில்தான் இருக்கின்றன.

விதைக்கு எங்கே போவது என்று கேட்கலாம். புகலிடத்திற்குள் இசைவின்றிப் புகுந்து எடுப்பது குற்றம். 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்க் காப்புச் சட்டம் அதனைத் தடுக்கிறது. எடுக்கத் தேவையும் இல்லை. கோயிலிலும் கல்லூரி வளாகத்திலும் பழைய தோப்புகளிலும் நிற்கும் தாய்மரங்களே போதும். மலையடியில் வாழும் பளியர் பெருமக்களுக்கு மட்டும் தனியுரிமை உண்டு. தேன், கடுக்காய் போன்ற சிறுபொருள்களைத் திரட்டிப் பயன்கொள்ளும் உரிமையை 2006ஆம் ஆண்டுச் சட்டம் காடுவாழ் பழங்குடியினர்க்கு ஒப்புக்கொண்டுள்ளது. எந்தக் கொடி எந்தப் பாறையில் இருக்கிறது, எப்போது காய்க்கிறது என்பதை அவரினும் அறிந்த நிலைத்திணை நூலார் இல்லை. இதுவரை வணிகர் அவரிடம் வேரையும் பட்டையையும் குறைவிலைக்கு வாங்கினர். அவர்கள் வளர்த்த நாற்றை நல்ல விலைக்கு வாங்கும் ஏற்பாடு ஒன்று நகரத்தாரால் செய்யப்பெறுமாயின், தோண்டுவதைவிட வளர்ப்பது வருவாயுள்ளதாகும். அறவுரை செய்ய முடியாததை அது செய்யும்.

சிவகாசியால் மட்டும் செய்யத்தக்கது ஒன்று உண்டு. இந்நாட்டுப் பிள்ளைகள் எழுதும் குறிப்பேடுகளும், சுவரில் தொங்கும் நாட்காட்டிகளும் பெருமளவில் இவ்வூர் அச்சகங்களில்தான் உருவாகின்றன. அவற்றின்மேல் அச்சிடப்பெறும் காட்சி என்ன? பனிமலை, அதன் அடியில் எந்நாட்டதோ ஒரு மரவீடு, முன்னே துலிப்புப்பூ. அச்சகத்தின் மாடியில் நின்றால் தெரியும் மலை ஒருநாளும் அவ்வட்டையில் வந்ததில்லை எனலாம். குறிப்பேட்டின் பின்னட்டையில் ஒரு பூ; அதன் கீழே கபிலர் சொன்ன பெயர், இன்றைய வழக்குப்பெயர், பூக்கும் திங்கள், விதைக்கும் முறை. இத்தனைக்கும் நான்கு வரி போதும். தாளுக்கோ மைக்கோ கூடுதற் செலவில்லை. தொண்ணூற்றொன்பது பூவும் தொண்ணூற்றொன்பது அட்டையில் வந்தால், ஐயத்திற்குரிய சில பெயர்கள் நீங்கலாக ஏனையவற்றை ஒரு தலைமுறை கண்ணால் அறிந்துவிடும். அச்சக உரிமையாளர் சிலரேனும் இவ்வவையில் அமர்ந்திருப்பர் என்ற நம்பிக்கையாலேயே இது விரித்துச் சொல்லப்பெற்றது.

தொடங்கும் காலமும் தொலைவில் இல்லை. இவ்வட்டாரத்துப் பெருமழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்வது. நாற்று அதற்குமுன் நான்கைந்து இலை விட்டிருத்தல் வேண்டும். ஆகவே மாசி பங்குனியில் முதிர்ந்து கறுத்த கொன்றைக் காய்களைத் திரட்டுக. சித்திரையில் கோங்கின் காய் வெடிக்குமுன் அதன் அடியில் துணி விரித்து வைக்க. வைகாசியில் பைகளில் மண்ணும் மணலும் எருவும் கலந்து நிரப்பி ஊன்றுக. ஆவிரைக்குப் பையும் வேண்டா. பழுப்பேறிய நெற்றைத் திறந்து, விதையைக் கண்மாய்க் கரையிலும் பள்ளிச் சுற்றுச்சுவர் ஓரத்திலும் முதல் மழையன்று கீறி விதைத்துவிட்டால் போதும். ஆடு அதனை அவ்வளவாகத் தீண்டாது, தண்ணீரும் கேட்காது.